தீவகத்து நீரும் மோட்டார் இயந்திரமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, ஆழங்குறைந்த கடலிற் சிதறிக் கிடக்கும் நிலத்துண்டுகளைத் தீவகம் என்னும் ஒரே பெயரால் வழங்குதல் மரபு. ஊர்காவற்றுறையைத் தன்னகத்தே கொண்ட வேலணைத்தீவு, மண்டைதீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைநகர், இவையனைத்துக்கும் அப்பால் தனித்து நிற்கும் நெடுந்தீவு ஆகியன அவை. ஒல்லாந்தர் தம் ஆட்சிக் காலத்தில் இவற்றிற்குத் தம் நாட்டு ஊர்களின் பெயர்களை இட்டனர். வேலணைத்தீவு லெய்டன் ஆயிற்று; காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று; புங்குடுதீவு மிடில்பர்க், நயினாதீவு ஹார்லெம் எனப் பெற்றன. நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயரே இன்றும் பரவலாக வழங்குகிறது. பெயரை மாற்ற வல்லவர்களாயிருந்த அவர்களால் கிணற்று நீரின் சுவையை மாற்ற இயலவில்லை.

நெடுந்தீவின் வெளிகளில் இன்றும் மட்டக்குதிரைகள் கூட்டங் கூட்டமாகத் திரிகின்றன. ஐரோப்பியர் காலத்திற் குதிரை வளர்ப்பு அத்தீவில் ஒரு தொழிலாயிருந்தமைக்கு அவை சான்று. கடும் வரட்சி நேர்ந்த ஆண்டுகளில், குடிநீரின்றி அவற்றுட் சில மடிந்த செய்தி பன்முறை வெளிவந்துள்ளது. மழை பொய்த்தால் முதலில் துன்புறுவது வாயில்லா உயிர். குதிரை இருந்த இடத்திற்குப் பின்னர் மோட்டார் வந்தது. அதற்கும் தாகம் உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு. குதிரை உவர்நீரை முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மோட்டார் வண்டியின் ரேடியேற்றரோ எதை ஊற்றினாலும் ஏற்றுக்கொள்ளும். அதன் விளைவைப் பல திங்கள் கழித்தே உரிமையாளர் அறிவார்.

இயந்திரத்தைக் குளிர்விக்குந் திரவம், கறாச்சுகளிற் கூலன்ற் என வழங்குவது, குளிர்நாட்டிற் பிறந்த பொருள். பனிக்காலத்தில் நீர் உறைந்து இயந்திரத்தைப் பிளந்துவிடாமற் காப்பதே அதன் முதல் தொழில். உறைபனியைக் கண்டறியாத தீவகத்திற்கு அது வந்தபோது, முற்றிலும் வேறானதொரு வினாவுக்கு அது விடை கூற வேண்டியதாயிற்று. அவ்வினா கிணற்று நீரைப் பற்றியது.

குடாநாடும் தீவுகளும் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின் மீது அமைந்தவை. இங்கு வற்றாத ஆறுகள் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரையில் வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணரும் மழை, கல்லின் வெடிப்புகளூடாக நிலத்தின்கீழ் இறங்கி, கடல்நீருக்கு மேல் ஒரு வில்லையைப் போல மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல்நீரினும் அடர்த்தி குறைந்ததாகலின் இது நிகழ்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி உயரம் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி ஆழம் வரை அது தாழ்ந்து நிற்கும் என்பது கைபன், ஹெர்ஸ்பேர்க் என்னும் இரு ஐரோப்பிய அறிஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவையொட்டித் தனித்தனியே கண்ட விதி. அகன்ற குடாநாட்டில் இவ்வில்லை தடித்தது. ஒடுங்கிய தீவுகளிலோ மெல்லியது. சற்று மிகையாக இறைத்தாலும் கீழிருந்து உவர் மேலெழும். ஒரே குறிச்சியில் ஒரு கிணறு நல்ல தண்ணீர்க் கிணறாகவும், சில நூறு யார் தள்ளியுள்ள இன்னொன்று சவர்க் கிணறாகவும் இருத்தல் தீவகத்தார் யாவரும் அறிந்ததே. நாவுக்கு நன்றாயிருக்கும் நீரும் கல்சியம், மகனீசியம் ஆகியவற்றைச் சுமந்த வன்னீரே. தேநீருக்கு நீர் காய்ச்சும் கேத்தலின் உட்புறத்தில் வெண்ணிறமாகப் படியும் ஓடு இதற்குச் சான்று. சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும் இதனாலேயே.

இனி மோட்டார் இயந்திரத்தின் பக்கம் திரும்புவோம். எரிபொருள் எரியும்போது உருளையினுள்ளே வெப்பநிலை இரண்டாயிரம் பாகை சென்ரிகிரேட்டையும் கடக்கிறது. எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, சக்கரத்தைச் சுழற்றாது உலோகத்தைச் சூடேற்றுவதிற் கழிகிறது. அவ்வெப்பத்தை உடனுக்குடன் வெளியேற்றாவிடின் உலோகம் விரிந்து இறுகிவிடும். 1886 இல் ஜேர்மனியிற் காப்புரிமை பெற்ற கார்ல் பென்ஸின் வண்டியில் நீர் கொதித்து ஆவியாய்ப் போவதே குளிர்விக்கும் முறையாயிருந்தது. ஓடும் வழியெங்கும் நீர் ஊற்றிக்கொண்டே செல்ல வேண்டும். இக்குறையைப் போக்கியவர் வில்ஹெல்ம் மேபாக். 1900 ஆம் ஆண்டின் இறுதியில் அவர் அமைத்த மெர்சிடிஸ் வண்டியிலே, தேன்கூட்டைப் போன்று 8,070 சிறு குழாய்களை அடுக்கிய ரேடியேற்றர் இருந்தது. அக்குழாய்களூடே காற்று விரைந்து செல்ல, அவற்றைச் சூழ்ந்த நீர் குளிர்ந்து மீண்டும் இயந்திரத்தை அடைந்தது. இன்றைய ரேடியேற்றர் அனைத்தும் அதன் வழித்தோன்றல்களே.

1908 முதல் 1927 வரை உற்பத்தியான போட் மொடல் ரி வண்டிகளில், மிகத் தொடக்கத்தில் வந்த சில நீங்கலாக, நீரைச் சுற்றச் செய்ய விசைக்குழாய் கூட இல்லை. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் இயற்கை விதியே போதுமானதாயிற்று. 1948 இல் வெளிவந்த முதல் மொறிஸ் மைனரும் அம்முறையையே கைக்கொண்டது. எளிமை மிக்க இவ்வமைப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு: நீரோடும் வழி சிறிதும் அடைபடுதல் ஆகாது.

சுண்ணாம்பு நாட்டில் அந்நிபந்தனையைக் காத்தல் எளிதன்று. வன்னீரிற் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று, சூடேறியதும் சிதைந்து கல்சியம் காபனேற்றாகச் சுவரில் ஒட்டும். கேத்தலில் நிகழ்வதே இயந்திரத்தினுள்ளும் நிகழ்கிறது. இவ்வோட்டின் வெப்பங்கடத்துந் திறன் வார்ப்பிரும்பினதில் இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஆகவே தாளளவு தடிப்புள்ள ஓடும் இயந்திரத்துக்குப் போர்த்திய கம்பளம் போன்றதே. 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்குமிடையே புகைவண்டி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, 1905 இல் அது கொழும்புப் பாதையோடு இணைந்தபின்னும், சுண்ணாம்பு நாட்டில் நீர் பெறும் கொதிகலன்களுக்கு இது ஓயாத தொல்லை. நீராவிப் பொறியாளர் உலகெங்கும் செய்தது இரண்டே: நீரை மென்மையாக்குவது, அல்லது படிந்ததைச் சுரண்டுவது. மோட்டார் வண்டிக்காரர் மென்மையாக்கவும் இயலாது, சுரண்டவும் இயலாது. ரேடியேற்றரின் நுண்குழாயினுட் கைபுகாது.

ஆயினும் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலன்றி, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தை நிறைத்திருந்த பிரித்தானிய வண்டிகள் பொறுமையுள்ளவை. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட் ஆகியவற்றின் இயந்திரமும் அதன் தலைப்பகுதியும் தடித்த வார்ப்பிரும்பு. ரேடியேற்றரோ செம்பும் பித்தளையும். உட்புறம் துருவேறி நீர் செங்குழம்பாயினும் இயந்திரம் ஓடும். ரேடியேற்றர் அடைபட்டால் மேற்றொட்டியைக் கழற்றி, கம்பி செலுத்தித் துப்புரவு செய்து, ஈயம் பற்றவைத்து மீளப் பொருத்துவர். அக்காலத்துச் சாரதி வண்டியில் ஒரு தகரக் கலனில் நீர் வைத்திருப்பதையும், எந்த ஊரில் எந்தக் கிணற்று நீர் நல்லது என்று அறிந்திருப்பதையும் தொழிலின் பகுதியாகவே கொண்டார். பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைக்கும், அங்கிருந்து மற்றொரு தாம்போதி வழியே புங்குடுதீவுக்கும் செல்லும் பாதையில் இவ்வறிவு மிகப் பயன்பட்டிருக்கும். இருமருங்கும் நீர் பரந்து கிடக்கும் தாம்போதியில் வண்டி கொதித்து நின்றால், கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது ஊற்றத்தகாத நீர் மட்டுமே.

தரைவழி குறிகட்டுவான் துறையோடு முடிகிறது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்பவர் அங்கே படகேற வேண்டும். காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே பாதை என வழங்கும் மிதவை உண்டு. கடலில் ஓடும் இயந்திரம் கடல்நீரைக் கொண்டே குளிர்கிறதே, தரையில் ஓடும் இயந்திரத்துக்கு மட்டும் ஏன் இத்துணை ஆசாரம் என்று வினவுவாருண்டு. வினா நியாயமானதே. கடல்நீரை நேரே உட்செலுத்தும் இயந்திரங்கள் வேண்டுமென்றே தாழ்ந்த வெப்பநிலையில் ஓடுமாறு அமைக்கப்பட்டவை. அதற்குமேற் சூடேறின் உப்பும் சுண்ணாம்பும் உள்ளே படியும். அந்நீர் ஒருமுறை சுற்றியதும் வெளியே கொட்டப்படுகிறது. மீண்டும் மீண்டும் கொதித்துச் செறிவதில்லை. வெளியிணைப்பு இயந்திரத்தைக் கரைக்கு வந்ததும் நன்னீர் செலுத்திக் கழுவ வேண்டும் என்பதை மீனவர் நன்கறிவர். பெரிய படகு இயந்திரங்களிலோ பெரும்பாலும் இரு சுற்றுகள் உண்டு: உட்சுற்றிலே தூய நீரும் காப்புத் திரவமும்; வெளிச்சுற்றிலே கடல்நீர்; இரண்டும் கலவாமல் வெப்பத்தை மட்டும் பரிமாறிக்கொள்ளும். 1967 இல் நோர்வே நாட்டு உதவியோடு காரைநகரில் தொடங்கிய சீநோர் நிறுவனம் இயந்திரப் படகுத் தொழிலை இப்பகுதியில் வளர்த்த காலந்தொட்டு, கடல் இயந்திரம் பற்றிய இவ்வறிவு தீவகத்தில் வேரூன்றியுள்ளது. கடலோடியின் கவனத்திற் பாதி கார் உரிமையாளரிடம் இருப்பின் பல இயந்திரங்கள் பிழைத்திருக்கும்.

காப்புத் திரவத்தின் பிறப்பைச் சற்று நோக்குவோம். எதிலீன் கிளைக்கோல் என்னும் இனிப்புச் சுவையுள்ள திரவத்தை ஆய்வுகூடத்தில் முதலில் ஆக்கியவர் பிரான்சு நாட்டு இரசாயன அறிஞர் சார்ள்ஸ் அடோல்ப் வூர்ட்ஸ். காலம் 1850 களின் பிற்பகுதி. நெடுங்காலம் அதற்குப் பெரும்பயன் இருக்கவில்லை. மோட்டார் வண்டி பரவிய தொடக்கக் காலத்திற் குளிர்நாட்டார் நீர் உறையாதிருக்க மதுசாரத்தையும் உப்புகளையும் தேனையும் கூடப் பரீட்சித்தனர். மதுசாரம் கொதித்துப் பறந்தது. உப்பு உலோகத்தை அரித்தது. தேனின் கதி சொல்ல வேண்டியதில்லை. 1927 இல் அமெரிக்காவில் பிறெஸ்ரோன் என்னும் பெயரிலும், 1929 இல் ஜேர்மனியிற் கிளைசன்ரின் என்னும் பெயரிலும் கிளைக்கோல் கடைக்கு வந்தது. விமான இயந்திரங்களும் அதனைக் கைக்கொண்டன. ஸ்பிற்பயர் விமானத்தின் மேர்லின் இயந்திரம் முதலிற் கலப்பற்ற கிளைக்கோலையே கொண்டிருந்தது. பின்வந்த வகைகளிலோ நூற்றுக்கு எழுபது பங்கு நீரும் முப்பது பங்கு கிளைக்கோலும் அழுத்தத்தின்கீழ் ஓடின. வெப்பத்தைச் சுமப்பதில் நீருக்கு நிகரில்லை என்பதைப் பொறியாளர் இதன்மூலம் ஒப்புக்கொண்டனர். கிளைக்கோலின் வெப்பக் கொள்ளளவு நீரினதில் பாதியைச் சற்றே கடக்கும், அவ்வளவுதான்.

அப்படியாயின் வெப்ப நாட்டுக்குக் கிளைக்கோல் எதற்கு? இக்கேள்வியைக் கேட்டே பல்லாண்டு காலம் இலங்கையிற் பலர் வெறும் நீரை ஊற்றினர். இரும்பு இயந்திரக் காலத்தில் அவர்கள் பெரும் பிழை செய்தனர் என்று கூறுதற்கில்லை. ஆனால் திரவத்திற் கிளைக்கோல் ஒரு பகுதியே. அதனோடு சிறிய அளவிற் சேர்த்துள்ள அரிப்புத் தடுப்பு மருந்துகளே வெப்ப நாட்டாருக்கு வேண்டியவை. கொதிநிலை சில பாகை உயர்வது அதற்கு மேலதிகமான நன்மை.

போர்க்காலம் இவ்வரலாற்றில் ஒரு தனி அத்தியாயம். 1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோல், பற்றறி, மோட்டார் உதிரிப்பாகம் முதலானவை வடக்கே செல்லத் தடையேற்பட்டது. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவக மக்களிற் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்து குடாநாட்டுக்குள் வந்தனர். அந்நாளில் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடியவை பழைய ஒஸ்ரினும் மொறிசும். சில துளி பெற்றோலை ஊட்டி இயந்திரத்தை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரமாகையால் இது இயன்றது. மண்ணெண்ணெயில் ஓடும் பெற்றோல் இயந்திரம் தட்டும், மிகையாகச் சூடேறும். ஆகவே ரேடியேற்றரின் மீது விழுந்த சுமையும் மிகுந்தது. புதிய ரேடியேற்றர் பெற வழியில்லை. பழையதையே மீண்டும் மீண்டும் பற்றவைக்க வேண்டும். வெளியுலகில் அருங்காட்சியகத்தை அடைந்துவிட்ட வண்டிகள் இங்கே நோயாளரையும் பிணத்தையும் மணமக்களையும் சுமந்து ஓடின. அவை ஓடியதற்கு மெக்கானிக்குகளின் கைவன்மை ஒரு காரணம். வார்ப்பிரும்பின் பொறுமை மற்றொரு காரணம்.

2009 இல் போர் முடிந்தபின் ஏ-9 பாதை வழியே வந்த வண்டிகள் வேறு இனத்தவை. யப்பானிய ரொயோட்டா, ஹொண்டா, சுசுக்கி வண்டிகள், இந்தியாவிலிருந்து வந்த சிறு கார்கள், பின்னர் பெற்றோலும் மின்சாரமும் கூடி இயக்கும் ஹைபிரிட் வண்டிகள் என்பன வீதிகளை நிறைத்தன. இவற்றின் இயந்திரத் தலை அலுமினியம். பலவற்றில் இயந்திரம் முழுவதுமே அலுமினியம். ரேடியேற்றரும் மெல்லிய அலுமினியத் தகடே. அதன் தொட்டிகள் பிளாஸ்ரிக். ஈயம் பற்றவைத்தலும் கம்பி செலுத்தலும் இங்கு பயன்படா. கிணற்று நீரின் குளோரைட்டு அலுமினியத்தில் ஊசிமுனை போன்ற துளைகளைக் குடையும். பழைய பழக்கம் புதிய உலோகத்தைச் சந்தித்த இடத்தில்தான் தொல்லை பிறந்தது.

இவ்விடத்தில் நேயர்கள் அதிகம் அறியாத செய்தி ஒன்று உண்டு. காப்புத் திரவத்தில் எந்த மருந்தைச் சேர்ப்பது என்பதில் உலகத்து உற்பத்தியாளர் ஒருமித்த கருத்துடையவர் அல்லர். ஐரோப்பியர் சிலிக்கேற்றை விரும்பிப் பொசுபேற்றை விலக்கினர். காரணம், ஐரோப்பாவின் பல பகுதிகளில் நீர் வன்னீர். பொசுபேற்று கல்சியத்தையும் மகனீசியத்தையும் சந்தித்தால் கரையாத வீழ்படிவாகிக் குழாயை அடைக்கும். யப்பானியரோ சிலிக்கேற்று நீர் விசைக்குழாயின் அடைப்புகளைத் தேய்க்கிறதெனக் கண்டு அதனை விலக்கி, பொசுபேற்றைக் கைக்கொண்டனர். 1990 களின் நடுவில் அமெரிக்காவில், இவ்விரண்டும் இன்றிச் சேதன அமிலங்களைக் கொண்ட நீடித்துழைக்குந் திரவம் வந்தது. யப்பானிய வண்டிகளின் இன்றைய திரவம் சேதன அமிலமும் பொசுபேற்றும் கூடியது. நீர் மென்மையான நாட்டில் அது மிகச் சிறந்தது. தீவகத்தில் ஓடுபவை பெரும்பாலும் யப்பானிய வண்டிகள். தீவகத்தின் கிணற்று நீரோ ஐரோப்பியர் அஞ்சிய வன்னீரினும் கடுமையானது. பொசுபேற்றுத் திரவத்தோடு அந்நீரைக் கலப்பவர், நல்ல மருந்தை வாங்கி அதனைச் சேறாக மாற்றுகிறார். மட்டம் குறைந்தபோது வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு செம்பு நீர் ஊற்றுவது சிக்கனமென்று தோன்றும். அதனிலும் விலையுயர்ந்த செயல் பிறிதில்லை.

ஆதலின் தெரிவு செய்யும் முறை இதுவாதல் வேண்டும். முதலில் வண்டியோடு வந்த கைந்நூலைப் பார்த்தல். உற்பத்தியாளர் குறித்த வகை எதுவோ அதுவே தகுந்தது. நிறத்தை நம்புதல் கூடாது. பச்சை, சிவப்பு, இளஞ்சிவப்பு, நீலம் என்பன சாயமேயன்றி வகையல்ல. நிறத்துக்கு உலகப் பொதுவிதி எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் பச்சையும் மற்றொன்றின் பச்சையும் உள்ளே வெவ்வேறாக இருத்தல் கூடும். கடையில் இருவகைத் திரவம் உண்டு: நீர் ஏற்கெனவே அளவாகக் கலந்தது ஒன்று, கலவாத செறிந்த திரவம் மற்றொன்று. தீவகத்தில் வாழ்பவர் முன்னையதை வாங்குதலே நன்று. கூடுதல் விலையாகத் தோன்றுவதன் ஒரு பகுதி, அதனுள் இருக்கும் தூய நீருக்குரியது. செறிந்த திரவத்தை வாங்கினால் காய்ச்சி வடித்த நீரையே கலக்க வேண்டும். பற்றறிக்கு ஊற்றும் வடிநீர் இதற்குத் தகும். ஆனால் பற்றறி அமிலத்தை வடிநீரெனத் தவறி எடுத்துவிடாமற் போத்தலின் மேலுள்ளதை வாசித்தல் இன்றியமையாதது. திரவம் மூன்றிலொரு பங்குக்குக் குறையாமலும், பாதிக்கு மேற்படாமலும் இருத்தல் வெப்ப நாட்டுக்குப் போதும். குறைந்தால் மருந்து போதாது. மிகுந்தால் வெப்பத்தைச் சுமக்கும் திறன் தாழும்.

மழைநீரைச் சேமித்து ஊற்றலாமா என்பது தீவகத்துக்கே உரிய கேள்வி. மழைநீர் மென்னீர், சுண்ணாம்பு படியாது. ஆயினும் அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மெல்லிய அமிலத் தன்மை பெறுவதால், மருந்து கலவாது தனியே ஊற்றின் உலோகத்தை அரிக்கும். கடலோரக் கூரையிலிருந்து வழிவதாயின் உப்புத் தூளும் அதில் உண்டு. பெரிய டீசல் இயந்திரங்களை ஆக்குவோர் கலக்கத்தக்க நீருக்கு வகுத்த வரம்பு ஒன்று பரவலாக வழங்குகிறது: ஒரு லீற்றரில் குளோரைட்டு 40 மில்லிகிராமுக்கும், மொத்த வன்மை 170 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது. உவர்க் கிணற்று நீர் இவ்வரம்பின் அருகிலும் வராது. சவ்வினூடாகச் செலுத்தி உப்பகற்றிய குடிநீர் தீவுகளில் இப்போது கிடைக்கிறது. அது கிணற்று நீரினும் பன்மடங்கு மேல். ஆயினும் அது குடிப்பதற்கென ஆக்கியது. அவசரத்துக்கு அதனை ஊற்றிவிட்டு, பின்னர் முறையாக மாற்றிக்கொள்ளலாம்.

பரிசோதிப்பதற்கு இயந்திரம் முற்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். இதனை எத்துணை வற்புறுத்தினும் தகும். மூடி ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்தை உள்ளே அடைத்து வைத்திருப்பதால், 100 பாகையிற் கொதிக்க வேண்டிய நீர் 120 பாகை வரை கொதியாது நிற்கிறது. சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, திரவம் அனைத்தும் ஒரே கணத்தில் கொதித்துப் பீறிடும். முகமும் கையும் வெந்தவர் பலர். குளிர்ந்தபின் துணைக்கலனில் மட்டம் இரு குறிகளுக்கும் நடுவே நிற்கிறதா என்று பார்த்தல் வேண்டும். அடிக்கடி குறைவதாயின் ஊற்றிக்கொண்டே இருப்பது மருந்தன்று. குழாய்களின் இணைப்பில் வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ உலர்ந்த தடம் உண்டா, விசைக்குழாயின் கீழ் ஈரம் உண்டா, இயந்திர எண்ணெய் பாலைப் போல் வெளுத்துள்ளதா என நோக்கல் வேண்டும். கடைசியாகக் கூறியது காணப்படின் வண்டியை ஓட்டாது மெக்கானிக்கை அழைப்பதே தக்கது. திரவம் தெளிவாக இருத்தல் வேண்டும். துரு நிறம், மிதக்கும் துகள், மூடியின் அடியிற் கூழ் போன்ற படிவு ஆகியன வகை மாறிக் கலந்தமைக்கோ வன்னீர் புகுந்தமைக்கோ அடையாளம். அப்போது சிறிது ஊற்றிச் சரிசெய்தல் ஆகாது. முழுவதையும் வடித்து, வடிநீரால் அலசி, புதிதாக நிரப்புதல் வேண்டும். மூடியின் றப்பர் வெடித்திருந்தால் அதனையும் மாற்றுக. ஹைபிரிட் வண்டியில் மின்கருவிக்கென வேறொரு சிறு கலனும் உண்டு. பலர் அதனை மறந்துவிடுகின்றனர்.

பழைய வகைப் பச்சைத் திரவம் இரண்டாண்டிற்கு ஒருமுறை மாற்றத்தக்கது. நீடித்துழைக்கும் வகை ஐந்தாண்டும் அதற்கு மேலும் நிற்கும். கிணற்று நீர் ஒருமுறை கலந்துவிட்டால் இக்கணக்கெல்லாம் செல்லாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்திலேயே மீண்டும் திறக்கப்பட்டமையாலும், 2022 இன் பொருளாதார நெருக்கடியாலும், இந்நாட்டு மக்கள் தம்மிடமுள்ள வண்டிகளை நெடுங்காலம் பேண வேண்டியவராயினர். தீவகத்தில் இது இரட்டிப்பு உண்மை. ஆனித் திங்களில் நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு அடியார் கூட்டத்தைச் சுமந்து குறிகட்டுவானுக்கு விரையும் வான்கள், சோளகக் காற்றும் வெயிலும் உச்சத்தில் நிற்கும் காலத்திலேயே ஓடுகின்றன. ஊர்காவற்றுறையிலிருந்தோ புங்குடுதீவிலிருந்தோ இரவில் நோயாளியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்லும் வண்டி தாம்போதியின் நடுவே கொதித்து நின்றால், அது ரேடியேற்றர் பற்றிய செய்தியாக மட்டும் இராது. தாம்போதிக் காற்றில் வரும் உப்பு ரேடியேற்றரின் வெளித் தகடுகளையும் தின்னும். மழையற்ற மாதங்களில் வாரமொருமுறை அதனை மெல்ல நன்னீரால் நனைத்துக் கழுவுவது உண்டு. நீர் அருமையான வீட்டில் இதற்கும் அளவு பார்க்க வேண்டியிருப்பதுதான் துயரம்.

வடித்தெடுத்த பழைய திரவத்தை என்ன செய்வது என்பது எஞ்சிய வினா. எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. இனிப்பானதாகையால் மேலும் கொடியது. அதன் உறவுப் பொருளான டைஎதிலீன் கிளைக்கோலை மருந்தொன்றிற் கலந்ததால் 1937 இல் அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அடுத்த ஆண்டே அந்நாட்டில் மருந்துச் சட்டம் இறுக்கமாயிற்று. முற்றத்தில் ஒரு தட்டிலே விட்டுவைத்த திரவத்தை நாயும் ஆடும் நக்கும். உவரை முகர்ந்து விலகும் விலங்கு இனிப்பை விலக்குவதில்லை. நிலத்தில் ஊற்றினாலோ, வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் அதனை வடிகட்டாது கிணற்றுக்குள் அனுப்பும். சுன்னாகத்திற் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றதைக் குடாநாட்டார் மறந்திரார். தீவுகளில் அந்த வில்லை இன்னும் மெல்லியது. ஆகவே பழைய திரவத்தை மூடியுள்ள கலனில் அடைத்து, சிறுவர் கைக்கெட்டாத இடத்தில் வைத்து, கழிவைப் பொறுப்பேற்கும் பட்டணத்துக் கறாச்சொன்றிற் சேர்ப்பித்தல் வேண்டும். நெடுந்தீவிலிருந்தாயின் அது படகேறியே செல்ல வேண்டும்; புதிய திரவம் வந்த வழியும் அதுவே.